கணக்கு டீச்சர் பதில்கள்: ஆழாக்கு அரிசி மைனஸ் எட்டு ஆகுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. அடுக்குக்குறியில் மைனஸ் வந்தால் என்ன அர்த்தம்? ஐந்தையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டேன். வட்டிக் கணக்கு கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். வகுப்புத் தேர்வில் 2⁻³ = −8 என்று எழுதி மார்க் போய்விட்டது. "மைனஸ் இருந்தால் கீழே கொண்டுபோ" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் கீழே போக வேண்டும் என்று கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டை மூன்று முறை பெருக்கலாம், மைனஸ் மூன்று முறை எப்படிப் பெருக்குவது டீச்சர்?
(ஒரு தாய், திண்டுக்கல்)

உங்கள் மகன் கேட்டது நியாயமான கேள்விம்மா. மைனஸ் மூன்று முறை பெருக்க யாராலும் முடியாது. இதை முதலில் அவனிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். "இரண்டை இத்தனை முறை பெருக்கு" என்ற விளக்கம் 1, 2, 3 என்று எண்ணக்கூடிய அடுக்குகளுக்கு மட்டும்தான். பூஜ்யத்துக்கே அது ஒத்துவராது. பூஜ்யம் முறை பெருக்குவது என்றால் என்ன செய்வது? ஆக, அடுக்கை வேறு விதமாகப் பார்க்க வேண்டிய இடத்துக்கு அவன் வந்திருக்கிறான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் "மேலே மைனஸ் இருந்தால் கீழே தள்ளு, குறி மாறும்" என்றுதான் சொல்லிக் கொடுத்தேன். எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். பிள்ளைகள் வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள், நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு நாள் கரும்பலகையில் 4⁻¹ + 4⁻¹ என்று எழுதிப் போட்டேன். பாதி வகுப்பு 1/8 என்று எழுதியிருந்தது. இரண்டையும் கீழே தள்ளி, கீழே போனவற்றைக் கூட்டிவிட்டார்கள். நான் சொன்ன விதி எழுத்தை எங்கே நகர்த்துவது என்று சொன்னதே தவிர, அந்த எழுத்து எவ்வளவு என்று சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்து நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் அம்மா தந்த அளவைகள் வரிசையாக இருந்தன: படி, உரி, உழக்கு, ஆழாக்கு.

மறுநாள் நான்கையும் ஒரு துணிப்பையில் போட்டு, கொஞ்சம் அரிசியும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். முன்வரிசைப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு ஆழாக்கில் அரிசியை முகந்து, விரலால் தலை தட்டி, உழக்கில் கொட்டச் சொன்னேன். இரண்டு ஆழாக்கில் உழக்கு நிரம்பியது. இரண்டு உழக்கில் உரி நிரம்பியது. இரண்டு உரியில் படி. ஒவ்வொரு முறையும் விளிம்பு வரை வந்து நின்ற அரிசியைப் பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். "ஒரு படிக்கு எத்தனை ஆழாக்கு?" என்று கேட்டதும் நாலைந்து குரல்கள் "எட்டு" என்றன.

அப்புறம் கரும்பலகையில் படிக்கு நேராக 1 என்று எழுதினேன். மேலே ஏறினால் இரண்டு படி, நான்கு படி, எட்டு படி. எட்டு படிக்குக் குறுணி என்று பெயர், மரக்கால் என்றும் சொல்வார்கள். (ஊருக்கு ஊர் இது மாறும். சில ஊர்களில் மரக்கால் என்றால் நான்கு படி, சில ஊர்களில் எட்டு. நான் சொல்வது பழைய வாய்ப்பாட்டுக் கணக்கு.) இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி. மேலே போகும்போது ஒவ்வொரு படிக்கட்டிலும் இரண்டால் பெருக்குகிறோம், அடுக்கில் ஒன்று கூடுகிறது. குறுணி 2³, பதக்கு 2⁴, தூணி 2⁵.

சரி, இப்போது இறங்குங்கள். ஒவ்வொரு படிக்கட்டிலும் இரண்டால் வகுக்கிறோம், அடுக்கில் ஒன்று குறைகிறது. 2³ = 8, 2² = 4, 2¹ = 2. இன்னும் ஒரு படிக்கட்டு இறங்கினால் 2⁰, அதாவது 2-ஐ 2-ஆல் வகுத்தது, 1. அதுதான் நம் படி. "எந்த எண்ணுக்கும் அடுக்கு பூஜ்யம் என்றால் ஒன்று" என்று மனப்பாடம் செய்கிறார்களே, அது இந்த இடம்தான். அங்கே நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? இறங்கிக்கொண்டே போங்கள். 2⁻¹ அரை, அது உரி. 2⁻² கால், அது உழக்கு. 2⁻³ அரைக்கால், அது ஆழாக்கு.

உங்கள் மகனிடம் கேளுங்கள்: ஆழாக்கு அரிசி எப்படி மைனஸ் எட்டுப் படியாகும்? கையில் அரிசி இருக்கிறதே! சின்ன அளவுதான், ஆனாலும் இருக்கிறது. மைனஸ் எட்டு என்றால் யாருக்கோ எட்டுப் படி பாக்கி தர வேண்டும் என்று ஆகிவிடும். எண்ணுக்கு முன்னால் நிற்கும் மைனஸ், அந்த எண் பூஜ்யத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்கிறது. எண்ணின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் மைனஸ், படிக்கட்டில் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று சொல்கிறது. இரண்டும் வேறு வேலை. பத்துப் படிக்கட்டு இறங்கினாலும் 2⁻¹⁰ என்பது 1/1024. இன்னும் எவ்வளவு இறங்கினாலும் பூஜ்யத்தைத் தொடாது, அதைத் தாண்டி அந்தப் பக்கம் போகவும் போகாது.

இதை ஏன் இப்படித்தான் வைத்தார்கள் என்று அவன் மேலும் கேட்டால் இதைச் சொல்லுங்கள். அடுக்குகளைப் பெருக்கும்போது கூட்டுகிறோம் என்பது அவனுக்குத் தெரியும். 2² × 2³ = 2⁵. இந்த விதி மைனஸ் வந்தாலும் உடையக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2⁵ × 2⁻³ என்பது 2² ஆக வேண்டும். அதாவது 32-ஐ எதனாலோ பெருக்க 4 வர வேண்டும். எதனால்? எட்டில் ஒன்றால். வேறு எந்த எண்ணைப் போட்டாலும் வராது. −8 போட்டால் −256 வரும். வகுத்தும் பார்க்கலாம். 2³ ÷ 2⁶ என்பது 8/64, அதாவது 1/8. விதிப்படி 3-லிருந்து 6 போனால் −3. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்து நிற்பதைப் பையன் தன் கையால் எழுதிப் பார்க்கட்டும். நீங்கள் எழுதிக் காட்டாதீர்கள்.

அந்த 4⁻¹ + 4⁻¹ என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். "இரண்டு உழக்கு சேர்ந்தால் என்ன?" என்று கேட்டேன், அவ்வளவுதான். வகுப்பே "உரி" என்றது. 1/8 என்று எழுதியிருந்தவர்கள் தாங்களாகவே ரப்பரை எடுத்தார்கள். இப்போதெல்லாம் உழக்கும் ஆழாக்கும் வீட்டில் இல்லாத பிள்ளைகள்தான் அதிகம். பால் பாக்கெட்டை வைத்துச் சொல்லுங்கள். ஒரு லிட்டர், அரை லிட்டர், கால் லிட்டர் வரை கடையிலேயே கிடைக்கிறது. அதற்குக் கீழே டம்ளரில் அளந்துகொள்ளலாம்.

கேள்வி: ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிக்கிறேன். ஃபேன் கண்டென்சர் மேல் 2.5 மைக்ரோ ஃபாரட் என்று இருக்கிறது. புத்தகத்தில் 2.5 × 10⁻⁶ ஃபாரட். கால்குலேட்டரில் 2.5ஈ−06 என்று வருகிறது. மூன்றும் ஒன்றுதானா? அப்புறம் கால்குலேட்டரில் எக்ஸ்⁻¹ என்று ஒரு பட்டன் இருக்கிறது. சீரிஸ் கணக்குக்கு அதை அழுத்தச் சொல்கிறார்கள். எதற்கு என்று புரியவில்லை.
(ஒரு மாணவர், தூத்துக்குடி)

மூன்றும் ஒன்றேதான் தம்பி. (ஃபாரட் என்பது கண்டென்சர் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதை அளக்கும் அலகு.) மேலே சொன்ன படிக்கட்டில் இரண்டுக்குப் பதில் பத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் பத்தில் ஒரு பங்கு. 10⁻¹ பத்தில் ஒன்று, 10⁻² நூறில் ஒன்று, 10⁻³ ஆயிரத்தில் ஒன்று. அதுதான் மில்லி. 10⁻⁶ பத்து லட்சத்தில் ஒன்று. அதுதான் மைக்ரோ. கால்குலேட்டரில் வரும் அந்த 'ஈ', "பத்தின் அடுக்கு" என்பதற்குச் சுருக்கம். சின்னத் திரையில் 10-ஐப் போட்டு மேலே சின்ன எழுத்து போட இடமில்லாததால் வந்த பழக்கம்.

இங்கே ஒரு தப்பு எல்லாருக்கும் வரும். 10⁻⁶ என்றால் புள்ளிக்குப் பிறகு ஆறு பூஜ்யம் என்று எழுதுவார்கள். இல்லை. ஐந்து பூஜ்யம், ஆறாவது இடத்தில் 1. அதாவது 0.000001. புள்ளி ஆறு இடம் நகர்கிறது என்று நினைவு வைத்தால் தவறாது. 2.5-இல் புள்ளியை ஆறு இடம் இடப்பக்கம் தள்ளினால் 0.0000025. இதை ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டிருந்தால் ஒரு பூஜ்யம் எங்கேயாவது விழும் அல்லது கூடும். ஒரு பூஜ்யம் போனால் பத்து மடங்கு தப்பு. அதனால்தான் புத்தகத்தில் 10⁻⁶ என்று போடுகிறார்கள்.

இனி எக்ஸ்⁻¹ பட்டன். அடுக்கு மைனஸ் ஒன்று என்றால் ஒரே ஒரு படிக்கட்டு இறக்கம், அதாவது ஒன்றை அந்த எண்ணால் வகுப்பது. பாடப்புத்தகத்தில் தலைகீழி என்பார்கள். 3-ஐ அடித்து அந்தப் பட்டனை அழுத்தினால் 0.333 என்று வரும். சீரிஸில், அதாவது ஒன்றன் பின் ஒன்றாக, இரண்டு கண்டென்சர் வைத்தால் அவற்றின் தலைகீழிகளைக் கூட்டி, வந்ததை மறுபடி தலைகீழாக்க வேண்டும். 3 மைக்ரோ ஃபாரடும் 6 மைக்ரோ ஃபாரடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3⁻¹ + 6⁻¹ என்று அடித்தால் 0.5 வரும். பலர் இங்கேயே நிறுத்திவிட்டு 0.5 என்று எழுதிவிடுகிறார்கள். இன்னொரு முறை பட்டனை அழுத்துங்கள். 2 வரும். விடை 2 மைக்ரோ ஃபாரட். இரண்டில் சின்னதான மூன்றைவிடவும் இது குறைவாக இருக்க வேண்டும், இருக்கிறது. விடையை இப்படி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று. (3 + 6)⁻¹ என்று அடைப்புக்குள் கூட்டிவிட்டுப் பட்டனை அழுத்தாதீர்கள். அது ஒன்பதில் ஒன்று, 0.111. நமக்கு வேண்டியது வேறு. கூட்டலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அடுக்கைப் பிரித்துப் பங்குபோட முடியாது. பெருக்கலில் மட்டும்தான் அது நடக்கும்.

கணக்குக்கு வெளியே ஒரு வார்த்தை. கண்டென்சரில் கை வைக்கும் முன் மெயினை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் உள்ளே சார்ஜ் நிற்கும், அதை முறைப்படி இறக்கிவிட்டுத் தொடுங்கள். உங்கள் ஆசிரியர் சொல்லியிருப்பார். நானும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: 5எக்ஸ்⁻², (5எக்ஸ்)⁻² இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? (2/3)⁻² எப்படி 9/4 ஆகிறது? 0⁻¹ எவ்வளவு?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்)

அடுக்கு எதன் தலையில் உட்கார்ந்திருக்கிறதோ அதை மட்டும்தான் தொடும். முதலாவதில் அது எக்ஸ் மேல் இருக்கிறது, 5-க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எக்ஸ் = 2 என்று போட்டுப் பார். 5 × 1/4, அதாவது 5/4. இரண்டாவதில் அடைப்பு இருப்பதால் 5-உம் சேர்ந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. 10⁻², அதாவது 1/100. எவ்வளவு வித்தியாசம் பார்! சந்தேகம் வரும்போதெல்லாம் எக்ஸுக்கு ஒரு சின்ன எண்ணைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பரீட்சையில் பயமே இருக்காது.

(2/3)⁻² என்பதில் ஒன்றை 4/9-ஆல் வகுக்கிறாய். பின்னத்தால் வகுத்தால் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும், 9/4. இதே காரணத்தால் 1/3⁻² என்பது 9. விடை ஒன்றைவிடப் பெரிதாக வந்துவிட்டதே என்று கலங்காதே. மைனஸ் அடுக்கு என்றாலே விடை சின்னதாகத்தான் வரும் என்பது, அடிமானம், அதாவது அடுக்கைத் தலையில் சுமக்கும் எண், ஒன்றைவிடப் பெரிதாக இருந்தால் மட்டுமே. அரையை எடுத்துக்கொள். (1/2)⁻³ என்பது 8.

அடிமானமே மைனஸாக இருந்தால் இரண்டு மைனஸும் தனித்தனி வேலை செய்யும். (−2)⁻³ என்பது −1/8. முன்னால் இருந்த மைனஸ் பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனது, மேலே இருந்தது எட்டில் ஒன்றாக்கியது.

0⁻¹-க்கு மதிப்பு கிடையாது கண்ணு. ஒன்றைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும். "வரையறுக்கப்படவில்லை" என்று எழுது. பூஜ்யம் என்று எழுதிவிடாதே.

கேள்வி: நர்சிங் படிக்கிறேன். பி.எச். எண் ஏற ஏற அமிலத்தன்மை குறைகிறது என்கிறார்கள். ஏறினால் கூடத்தானே வேண்டும்?
(ஒரு மாணவி, திருச்சி)

வேதியியல் என் பாடம் இல்லை. ஆனால் இதன் முடிச்சு கணக்கில்தான் இருக்கிறது. சுத்தமான தண்ணீரில், 25 டிகிரி வெப்பத்தில், லிட்டருக்கு ஏறத்தாழ 10⁻⁷ மோல் (வேதியியலில் துகள்களை எண்ணும் அலகு) ஹைட்ரஜன் அயனி இருக்கும். இந்த அயனி கூடினால் அமிலத்தன்மை கூடும். மைனஸையும் பத்தையும் விட்டுவிட்டு 7-ஐ மட்டும் எடுத்துச் சொல்வதுதான் பி.எச். 1909-இல் சோரன்சன் என்ற டென்மார்க் வேதியியலாளர் கொண்டுவந்த முறை. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். ஏறக்குறைய 2, அதாவது 10⁻². எண் 2-லிருந்து 7-க்கு ஏறுகிறது என்றால் நாம் பத்துப் பத்தாக ஐந்து படிக்கட்டு இறங்குகிறோம். அயனியின் அளவு ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாமல் விட்டுப்போன அந்த மைனஸ்தான் உங்களைக் குழப்பியது.

கேள்வி: மைனஸ் அடுக்கை யார் கண்டுபிடித்தது? நம் முன்னோர்களுக்குத் தெரியுமா?
(ஓய்வுபெற்ற ஊழியர், ஈரோடு)

ஐயா, நம்மிடம் இருந்தது பெயர்கள். அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்று ஒன்றைப் பாதி பாதியாக முப்பத்திரண்டில் ஒன்று வரை இறக்கி, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எழுதுவதற்குத் தனிக் குறிகளும் உண்டு. இவற்றைச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு 2⁻⁴ என்று கேட்டால் வீசம் என்று உடனே வரும். ஆனால் பெயர் வைப்பது வேறு, அதை அடுக்காக எழுதிக் கூட்டிக் கழிப்பது வேறு. முகத்தலளவையிலேயே பாருங்கள். ஆழாக்குக்குக் கீழே பாதியாகப் போகாமல் ஐந்து செவிடு ஒரு ஆழாக்கு என்று மாறிவிடுகிறது. நாம் பின்னத்தை அன்றாடப் புழக்கத்துக்காகக் கொண்டாடினோம். அதுவே எனக்குப் பெருமைதான். இல்லாததைச் சேர்த்துச் சொல்ல மனம் வரவில்லை.

அடுக்கில் மைனஸைக் கொண்டுவந்த கதை ஐரோப்பாவில் மெதுவாக நடந்தது. பிரான்சில் நிக்கோலா ஷூக்கே 1484-இலேயே பூஜ்ய அடுக்கையும் மைனஸ் அடுக்கையும் கையெழுத்துப் பிரதியில் எழுதி வைத்தார். அது அச்சானது 1880-இல். நானூறு வருஷம் ஒரு நல்ல யோசனை பெட்டியில் கிடந்ததை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. இன்று நாம் எண்ணின் தலைமேல் சின்னதாக அடுக்கு எழுதும் முறை பிரெஞ்சு அறிஞர் தெகார்த் 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலால் பரவியது. இங்கிலாந்தில் ஜான் வாலிஸ் 1656-இல் வந்த தன் நூலில் மைனஸ் அடுக்குக்கும் பின்ன அடுக்குக்கும் பொருள் சொன்னார். 1676-இல் நியூட்டன், ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸுக்குச் சேர வேண்டிய ஒரு கடிதத்தில், நாம் இன்று எழுதுகிற மாதிரியே, தலைகீழிகளை மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என்று தலைமேல் போட்டு எழுதினார்.

இவர்களில் எனக்கு நெருக்கமானவர் ஜெர்மனியின் மைக்கேல் ஸ்டீஃபெல். மடத்தில் துறவியாக இருந்து பிறகு பாதிரியார் ஆனவர். 1544-இல் அவர் வெளியிட்ட எண்கணித நூலில் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. மேல் வரியில் −3-இல் தொடங்கி 6 வரை எண்கள். கீழ் வரியில் ஒவ்வொன்றுக்கும் நேராக இரண்டின் அடுக்குகள். மேல் வரியில் கூட்டினால் கீழ் வரியில் பெருக்கியதாக ஆகும், மேலே கழித்தால் கீழே வகுத்ததாக ஆகும். நான் அரிசியைக் கொட்டிக் காட்டியதை அவர் இரண்டே வரியில் எழுதிவிட்டார். வலது ஓரத்தில் 6-க்குக் கீழே 64. பூஜ்யத்துக்குக் கீழே 1. இடது ஓரத்தில் −3-க்குக் கீழே 1/8, நம் ஆழாக்கு.